ஒரே காம்பிராவில் இரண்டு குடும்பம்

றுஷாந்தனுக்குத் தன் மனைவி மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. பக்கத்து வீட்டுக்காரன் மேல் பொறாமை வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஒபீசில் கூட வேலை செய்கிறவன் மேல் வந்தால் ஐந்து மணிக்கு பஸ் ஏறிவிடலாம். கட்டின மனைவி மேல் வந்தால் எங்கே போவது? அவள் ஊற்றிக் கொடுக்கும் தேத்தண்ணியைத்தான் குடிக்க வேண்டும். வயிறு எரிய எரியக் குடித்தான்.

எல்லாம் மார்லால் வந்த வினை. மார்ல் என்பது ஒரு கணினி மொழி. அந்த மொழியில் மனிதர் எழுதுவதைக் கணினிக்கு விளங்கும்படி மாற்றிக் கொடுக்கும் மென்பொருளைக் கொம்பைலர் என்பார்கள். றுஷாந்தன் ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணினிக் கிளார்க். யாராவது கேட்டால் தான் பார்க்கும் தொழிலை வைத்தே விளக்குவான். இந்தப் பக்கம் கொழுந்து போகிறது, அந்தப் பக்கம் தூள் வருகிறது, நடுவில் நிற்கும் மெஷின்கள்தான் கொம்பைலர். அதில் ஒரு ரோலர் கோணலாகச் சுற்றினால் எவ்வளவு நல்ல கொழுந்தும் நாசம்.

மார்லுக்கு முதலாளி கிடையாது. நோர்வேயில் இங்கிரிட் என்ற பெண் தொடங்கி வைத்தாள். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஐம்பது அறுபது பேர் சம்பளமில்லாமல் அதைப் பழுது பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவனாக, ஏழு வருடமாக, பதுளையிலிருந்து றுஷாந்தன். அவன் செய்ததெல்லாம் மற்றவர்கள் தொட விரும்பாத வேலை. ஒரே பிழையைப் பத்துப் பேர் பத்து விதமாக அறிவித்திருந்தால் ஒன்றாகச் சேர்ப்பான். "எனக்கு ஓடவில்லை" என்று ஒற்றை வரி எழுதுகிறவர்களிடம் எந்தப் பதிப்பு, எந்த மெஷின் என்று பொறுமையாகக் கேட்பான். தோட்டத்தில் மழைத்தண்ணி ஓடக் கான் வெட்டுகிற வேலை மாதிரி அது. வெட்டியிருந்தால் யார் கண்ணிலும் படாது, வெட்டாவிட்டால் ஒரு மழைக்கு ரோட்டே போய்விடும்.

அவனுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. மார்லுக்கு ஐந்து பொறுப்பாளர்கள். யார் திருத்தம் அனுப்பினாலும் அந்த ஐவரில் ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அது உள்ளே போகும். போன வருடக் கடைசியில் ஒருவர் விலகிக்கொண்டார். அந்த இடம் காலியாக இருந்தது. ஏழு வருடம் கான் வெட்டியவனுக்குத்தான் அது வரும் என்று றுஷாந்தன் நம்பியிருந்தான்.

கேஷானி இந்தக் கதைக்குள் வந்தது மூன்று வருடத்துக்கு முன்னால். பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் கணித ஆசிரியை. பிள்ளைகளுக்கு மார்ல் சொல்லிக் கொடுத்தபோது ஒன்றைக் கவனித்தாள். எழுதியதில் பிழை இருந்தால் கொம்பைலர் அந்த இடத்துக்கு அடியில் ஒரு குறி போட்டுக் காட்டும். ஆனால் வரியில் தமிழ் எழுத்து இருந்தால் குறி நாலைந்து எழுத்து தள்ளிப் போய் நின்றது. பிள்ளைகள் சரியான சொல்லை அழித்துவிட்டுத் தப்பான சொல்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தார்கள். கணவனிடம் சொன்னாள். "அது அப்புடித்தான், விடு" என்றான். அவள் விடவில்லை. இரண்டு மாதம் உட்கார்ந்து அதைத் திருத்தி அனுப்பினாள். தங்கள் எழுத்துக்கும் குறி சரியான இடத்தில் நிற்கிறது என்று பர்மாக்காரன் நன்றி சொன்னான், எத்தியோப்பியாக்காரன் நன்றி சொன்னான். அன்றைக்குத்தான் றுஷாந்தனுக்கு முதன்முதலாக நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்றது. அதற்குப் பிறகு அவள் கை வைத்ததெல்லாம் துலங்கியது, அவனுக்குச் சுருக்கென்பதும் நிற்கவில்லை.

இந்த வருடம் ஜூலையில் மார்லின் நாலாம் பதிப்பு வந்தது, கூடவே யார் யார் என்ன செய்தார்கள் என்று சொல்லும் பதிப்புக் குறிப்பும். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து இருவரும் தெமோதரைக்குப் போனார்கள். கேஷானியின் அப்பா சிங்கராயர் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். மருமகன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே போனை நீட்டிவிட்டார்.

"இந்தா பாருங்க மாப்புள. மொத வரியிலேயே நம்ம பிள்ளை பேரு. கேஷானி சிங்கராயர், ஸ்ரீலங்கான்னு போட்டிருக்கான். பூசை முடிஞ்சு பாதருக்கே காட்டிட்டேன்."

"நல்லது மாமா" என்றான் றுஷாந்தன்.

"ஒங்க பேரும் இருக்கா மாப்புள?"

"இருக்கு மாமா. கீழ."

சிங்கராயர் பெருவிரலால் திரையைத் தள்ளினார். தள்ளினார், தள்ளிக்கொண்டே இருந்தார். கேஷானி அப்பாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அவர் கவனிக்கவில்லை. கடைசியில், "இவர்களுக்கும் நன்றி" என்ற தலைப்பின் கீழ் நாற்பது பேருக்கு நடுவில் மருமகனைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஆ, இருக்கு இருக்கு. இந்தா, கடைசியில!"

மாமியார் றீட்டா அவன் பீங்கானில் இன்னும் இரண்டு துண்டு கோழியைப் போட்டார். அந்த இரக்கம் கறியைவிடக் காரமாக இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அவன் மனைவியோடு பேசவில்லை. திங்கள் பேசவில்லை. செவ்வாயும் பேசவில்லை.

புதன்கிழமை ஒரு முடிவுக்கு வந்தான். இனி மார்ல் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை. அங்கிருந்து வரும் அறிவித்தல்கள் எதுவும் தன் ஈமெயிலுக்கு வராதபடி நிறுத்தினான். தன் மடிக்கணினியை மூடி அலுமாரியில் வைத்தான். மனைவிக்குக் கிடைக்கும் பாராட்டை ஒவ்வொரு நாளும் வாசித்துச் சாவதைவிட இது மேல் என்று நினைத்தான்.

ஒன்றை மட்டும் அவன் விட்டுக்கொடுக்கவில்லை. 2117ஆம் பிழைக்குப் பக்கத்தில் தன் பெயரை அழிக்கவில்லை. கொம்பைலரிலேயே பெரிய தலைவலி அதுதான். ஒரு பட்டியலில் இருக்கும் எண்களைக் கூட்டச் சொன்னால், எப்போதாவது ஒருமுறை கடைசி எண்ணை விட்டுவிடும். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. "நான் பார்க்கிறேன்" என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் றுஷாந்தன் அதைத் தன் பேரில் எடுத்திருந்தான். நாற்பத்துமூன்று குறிப்புகள் எழுதியிருந்தான். இங்கே தேடினேன், இல்லை. அங்கே தேடினேன், அங்கேயும் இல்லை. அந்தப் பிழையைப் பிடித்தால் ஐந்தாவது இடம் தானாக வந்து சேரும் என்பது அவன் கணக்கு.

ஓகஸ்ட் விடுமுறை தொடங்கிய வாரம் பெய்த மழையில் கூரை ஒழுகி, கேஷானியின் மடிக்கணினிக்குள் தண்ணீர் போய்விட்டது. டவுனில் கடை வைத்திருக்கும் மொஹிதீன் அதைத் திறந்து பார்த்துவிட்டு, கொழும்பிலிருந்து சாமான் வர மூன்று வாரமாகும் என்றார்.

"ஏங்க, ஒங்க லெப்டொப்ப எடுத்துக்கவா? லீவுல ஒரு வேலை இருக்கு" என்று கேட்டாள் கேஷானி.

"எடுத்துக்க. நாந்தான் அதைத் தொடுறதே இல்லையே."

பகலில் அவன் தொழிற்சாலைக்குப் போய்விடுவான், அவள் வீட்டில் இருப்பாள். ஒரு வாரம் கழிந்து, அவன் வந்து சட்டையைக் கழற்றும்போதே பின்னால் வந்து நின்றாள். கண்ணெல்லாம் பளபளத்தது.

"ஏங்க, அந்த ரெண்டாயிரத்து நூத்துப் பதினேழு..."

"கேஷா, அந்தக் கதை வேணாம்."

"இல்ல, கேளுங்களேன். அது நீங்க..."

"வேணாம்னு சொல்றேன்ல!"

அவள் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விட்டாள். அடுத்த நாளும் ஒருதரம் தொடங்கினாள், அவன் கையைத் தூக்கித் தடுத்தான். மூன்றாவது தரம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தபோது. அவன் பீங்கானைத் தள்ளிவிட்டு எழுந்தான். அதற்குப் பிறகு அவள் தொடங்கவில்லை.

செப்டெம்பரில் ஒரு வியாழக்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்கு, தொழிற்சாலை ஒபீசில் இருக்கும்போது அவனுடைய சொந்த முகவரிக்கு இங்கிரிட் நேரே ஒரு ஈமெயில் அனுப்பியிருந்தாள். முதல் பந்தியில் இருந்தது இதுதான்: மற்ற மூவரோடும் பேசிவிட்டேன், எல்லாருக்கும் சம்மதம், ஐந்தாவது பொறுப்பாளராக வர உனக்கு விருப்பமா?

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதிர் மேசையில் இருந்த பர்ஸானாவிடம் சொன்னான். அவளுக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. ஆனால் மனிதன் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

"வீட்டுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்களேன்."

"இல்ல இல்ல. நேர்ல சொல்லணும்."

நேரில் சொன்னால்தானே அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க முடியும். சந்தோஷத்துக்கு நடுவிலும் அந்த நினைப்பு அவனுக்குள் ஊறியது. தப்பென்று தெரிந்தும் அதைத் தள்ளிவிட மனம் வரவில்லை. இத்தனை நாள் தான் மென்று விழுங்கியதில் ஒரு வாயாவது அவளும் விழுங்கட்டுமே என்று இருந்தது.

பதுளை டவுனில் இறங்கி ஒரு பேக்கரிக்குள் நுழைந்து சொக்லேட் கேக் ஒன்று கேட்டான்.

"பேர் எழுதணுமா அண்ணா?" என்று கேட்டாள் அங்கே நின்ற பெண்.

தன் கேக்கில் தானே தன் பேரை எழுதச் சொல்வதா? சொன்னால்தான் என்ன? "ஆமா, றுஷாந்தன்னு..." என்று வாய் எடுத்தவன், "கொஞ்சம் பொறுங்க" என்று போனை எடுத்தான். அந்த ஈமெயிலை இன்னொருமுறை ஆசைதீர வாசிக்க வேண்டும்போல் இருந்தது. முதல் பந்தியைத் தாண்டி இரண்டாம் பந்திக்கு அவன் இன்னும் போகவே இல்லை.

இரண்டாம் பந்தியில் இங்கிரிட் எழுதியிருந்தாள்: 2117ஐ நீ திருத்தியதைவிட, அதை நீ விளக்கிய விதம்தான் எங்களுக்குப் பிடித்தது. ஒரே காம்பிராவில் இரண்டு குடும்பம். இனி இங்கே புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் வாசிக்கக் கொடுக்கப்போகிறோம்.

எந்தக் காம்பிரா? எந்தக் குடும்பம்? யாரோடோ தன்னை மாற்றிப் பிடித்துவிட்டாள் என்று நினைத்து 2117ஆம் பக்கத்தைத் திறந்தான். பிழை தீர்ந்தது என்று பச்சையில் எழுதியிருந்தது. திருத்தியவர்: றுஷாந்தன். அதன் கீழே இப்படி ஒரு விளக்கம்.

"எங்கள் ஊர்த் தோட்டங்களில் தொழிலாளர் லயம் என்கிற வரிசை வீடுகளில் வாழ்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பிரா, ஒற்றை அறை. ஒரு குடும்பம் வெளியேறிவிட்டது என்று தவறாக நினைத்து, கிளார்க் அதே காம்பிராவை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டால் என்ன நடக்கும்? வந்தவர்கள் இருந்தவர்களின் சாமானைத் தூக்கி வெளியே வைப்பார்கள். நமது கொம்பைலர் அந்தத் தப்பைத்தான் செய்கிறது. கடைசி எண் இன்னும் குடியிருக்கும்போதே அதன் இடத்தில் வேறொன்றைக் குடியேற்றுகிறது. பிழை கூட்டுகிற இடத்தில் இல்லை, இடம் ஒதுக்குகிற கிளார்க்கிடம் இருக்கிறது."

லயத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவளின் பேச்சு அது. வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது. திருத்தம் அனுப்பும்போது அந்தக் கணினியில் யார் பேர் பதிந்திருக்கிறதோ அதுதான் தானாக ஒட்டிக்கொள்ளும். அவளுடைய கணினி மொஹிதீன் கடையில் கிடந்தது. அவள் உட்கார்ந்து எழுதியது அவனுடையதில். மாற்ற மறந்துவிட்டாள்.

"அண்ணா, பேரு?" என்றாள் பேக்கரிப் பெண்.

"பேர் வேணாம்" என்றான்.

வீட்டுக்கு ஏறும் பாதையில் கேக் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தான். முதலில் வந்தது வெட்கம் என்று சொன்னால் அழகாக இருக்கும். ஆனால் முதலில் வந்தது பொறாமைதான். இரண்டு வருடம் தான் முட்டி மோதியதை இவள் ஒரு விடுமுறையில் முடித்துவிட்டாளே என்று பற்றி எரிந்தது. அதற்குப் பிறகு ஆசை வந்தது. அவள் கவனிக்கவில்லை, இங்கிரிட்டுக்குத் தெரியாது, பேர் தன் பேர்தான், கேட்ட இடமும் கையில் வந்து விழுந்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வெட்கம் வந்து சேர்ந்தது வீட்டு வாசலில்தான், அதுவும் அவள் கதவைத் திறந்து கேக்கைப் பார்த்துச் சிரித்தபோது.

"யாருக்குங்க கேக்கு?"

அவன் போனை அவளிடம் கொடுத்தான். அவள் நின்றபடியே இரண்டு பந்தியையும் வாசித்தாள். முகம் அவன் எதிர்பார்த்த மாதிரிப் போகவில்லை.

"நல்லதுங்க. ஏழு வருசமா பாத்துக்கிட்டு இருந்தீங்க" என்றாள்.

"கேஷா, அது நீ செஞ்சது. என் லெப்டொப்ல என் பேர் இருந்திருக்கு. நீ கவனிக்காம அனுப்பிட்டே."

"கவனிச்சேன்."

"என்னா?"

"மொத நாளே கவனிச்சேன். மாத்தல."

அவன் கேக்கை மேசையில் வைத்தான். "ஏன்?"

கேஷானி கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். கோபமில்லாமல் பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும்.

"மூணு தரம் சொல்ல வந்தேன், கேக்கல. எம் பேரு எங்கயாவது வந்திச்சுன்னா நீங்க ரெண்டு நாளைக்குப் பேசமாட்டீங்க. எண்ணி வச்சிருக்கேங்க. இந்த வருசம் மட்டும் ஒம்பது தரம். சின்னச் சின்னதுக்கே ரெண்டு நாள்னா, ஒங்க பேருக்குப் பக்கத்துல கெடந்த நம்பர நான் எடுத்தேன்னா எத்தன நாள்? ஒரு மாசம்? எனக்கு இந்த வீட்டுல பேச ஒரு ஆள் வேணுமுங்க. பேரு கெடக்குது போங்க."

இத்தனை நாள் தன் பொறாமை தனக்குள்தான் இருக்கிறது, தான் மட்டும்தான் அதில் வேகிறோம் என்று நினைத்திருந்தான். அவள் அதற்குத் தேதி போட்டு வைத்திருந்தாள். அதற்கு விலையாகத் தன் பேரையே எடுத்துக் கொடுத்திருந்தாள். அவன் ஆசைப்பட்ட இடம் அவனுக்கு வந்தது வேலையால் இல்லை, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதால். இதைவிட யாராவது கன்னத்தில் அறைந்திருக்கலாம் என்று இருந்தது.

மடிக்கணினியைத் திறந்து இங்கிரிட்டுக்கு எழுத உட்கார்ந்தான்.

"வேணாங்க" என்றாள் அவள். "விடுங்களேன்."

"அது அப்புடித்தான், விடுன்னு நான் ஒருதரம் சொன்னேன். நீ விட்டியா?"

ஐந்து வரிதான் எழுதினான். எழுதிமுடிக்க ஒரு மணித்தியாலம் ஆனது. காலையில் இங்கிரிட்டின் பதில் இருவருக்கும் சேர்த்து வந்தது. இடம் கேஷானிக்கு. றுஷாந்தன் உண்மையைச் சொன்னதற்கு நன்றி. முந்தாநாள் வெளியான புதுப் பதிப்பின் குறிப்பில் பேரை மாற்றிவிடலாம். ஆனால் மார்லின் பதிவேட்டில் ஒருமுறை ஏறிய பேரை மாற்ற முடியாது, மாற்றினால் உலகம் முழுதும் இருக்கிற பிரதிகள் குழம்பிவிடும். ஆகவே 2117க்கு நேரே றுஷாந்தன் என்றுதான் இருக்கும், எப்போதும்.

கேஷானி அன்றைக்கே சம்மதம் எழுதினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு எழுத்துப்பிழையைக் காட்டினான். கேக்கை அதற்குப் பிறகுதான் வெட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தெமோதரையில் சிங்கராயர் வாசலுக்கே ஓடி வந்தார். இங்கிரிட் குறிப்பை மாற்றுவதற்கு முன்னாலேயே அவர் அதைப் படம் பிடித்து வைத்திருந்தார்.

"மாப்புள! இந்தத் தரம் நீங்கதான் மொத வரி! அன்னைக்கு நான் கடைசியில தேடினேன்ல, எனக்கே ஒரு மாதிரியாப் போச்சு. றீட்டா, மாப்புளைக்கு அந்தக் கோழிக்கால் துண்டப் போடு!"

கால் துண்டு பீங்கானில் வந்து விழுந்தது. கேஷானி தன் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். இங்கிரிட்டுக்கு எழுதுவது லேசு, அவள் முகத்தை அவன் பார்த்ததே இல்லை. மாமனார் முகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"மாமா, அது நான் செஞ்சதில்ல. கேஷானி செஞ்சது. என் பேர்ல போயிருச்சு."

"அச்சடிச்சிருக்கானே மாப்புள?"

"அச்சடிச்சது தப்பு மாமா."

சிங்கராயர் போனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு மருமகனிடம் வந்தார். குத்திக் காட்ட அவருக்குத் தெரியாது. தெரியாமல் கேட்டார்.

"அப்ப நீங்க என்னா செஞ்சீங்க?"

"நான் ரெண்டு வருசம் தப்பான எடத்துல தேடினேன்."

கேஷானி தலையை நிமிர்த்தினாள்.

"அப்பா, அவரு நாப்பத்திமூணு எடத்துல தேடி, இங்கெல்லாம் இல்லைன்னு எழுதி வச்சிருந்தாரு. அதனாலதான் நான் அங்கயெல்லாம் போகல. நேரா மத்தப் பக்கம் போனேன். இல்லாட்டி எனக்கும் ரெண்டு வருசம் ஆகியிருக்கும்."

ஆறுதலுக்குச் சொல்கிறாளா, நிஜமாகவே சொல்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை, கால் துண்டைத் தின்றான். சிங்கராயர், "அப்பிடின்னா ரெண்டு பேரு பேரும் வந்திருக்கணும்" என்று தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் போனை மடியில் வைத்தார்.

பின்னேரம் பஸ்ஸில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து சீட் கிடைத்தது. பஸ் புறப்பட்டுப் பத்து நிமிடமாகியும் அவன் வாயைத் திறக்கவில்லை. பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. உள்ளே அதன் இடத்தில் அது சௌகரியமாகவே குடியிருந்தது. பதிவேட்டைப் பார்த்து யாராவது 2117க்கு அவனுக்கு நன்றி எழுதுவார்கள், ஒவ்வொருவருக்கும் அவன் மனைவியின் பேரை எழுதி அனுப்ப வேண்டும், சாகும்வரைக்கும்.

கேஷானி அவன் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு நாளாங்க?" என்றாள்.

அவன் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்தபடியே சொன்னான்.

"இல்ல. ஹாலிஎல வரைக்கும்."

பாதி வழியில் இருக்கும் ஹாலிஎல வர இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, வருகிற கடைகளின் பேர்ப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தாள்.